பச்சைத் துணியில் அச்சிட்ட சட்டம்

1

சூதைப் பற்றிப் பேசச் சொன்னால் நாம் சூதாடியைப் பற்றித்தான் பேசுவோம். அவனுடைய ஆசை, அவன் தோற்ற பொருள், அடகுக்குப் போன தாலி. திருக்குறளில் 'சூது' என்று ஓர் அதிகாரமே உண்டு, எம்.ஏ. தமிழ் படித்தவர்கள் யாரும் அதைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. ஆடுகிறவன் என்ன ஆவான் என்பது அந்தப் பத்துக் குறளிலும் இருக்கிறது. ஆடும் இடத்துக்குக் 'கழகம்' என்ற பெயரும் இருக்கிறது. அந்தக் கழகத்தை நடத்தியது யார், ஓர் ஆட்டத்துக்கு அவருக்குத் தேறியது எவ்வளவு என்பது மட்டும் இல்லை. அறம் பேசுகிற பிரதிக்கு அது தேவைப்படவில்லை.

வரி வசூலிக்கிற பிரதிக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அர்த்தசாஸ்திரம் இதைக் கூச்சமில்லாமல் பேசுகிறது. கண்காணிப்பாளனின் பார்வையில் ஒரே இடத்தில் ஆட வேண்டும். வென்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து அவன் எடுத்துக்கொள்வான். காய் கொடுத்ததற்கு வாடகை தனி, தண்ணீருக்கும் இடத்துக்கும் தனி. கடுமையான ஏற்பாடுதான். ஆனாலும் வெளிப்படையானது. போகும்போது எவ்வளவு பிடுங்குவான் என்பது உள்ளே வரும்போதே தெரியும்.

நான் இங்கே பேச விரும்புவது கழகத்தைப் பற்றி. கழகத்தின் பங்கு தனி வரியாக இல்லாமல் ஆட்ட விதிக்குள்ளேயே கரைந்துபோனது எப்படி, அந்த விதிகளை யார் எப்போது மாற்றினார்கள் என்பது பற்றி. இதற்கு அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து பிளாக்ஜாக் மேசையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே 1931இல் சூதாட்டம் சட்டபூர்வமானது. விதிகள் துணியிலேயே அச்சிடப்பட்டன. அவற்றின் விலையைக் கணித அறிஞர்கள் கணக்கிட்டார்கள். கணக்கு வெளியே வந்த பிறகு விதிகள் மாறின. அதிகாரம் தன் கையெழுத்தை இவ்வளவு தெளிவாக விட்டுவைத்த இடங்கள் குறைவு.

விளையாட்டைப் பற்றி எழுதியவர்களில் டச்சு வரலாற்றாசிரியர் ஹொய்சிங்காவை (அவருடைய 'ஹோமோ லூடென்ஸ்' 1938இல் வந்தது) எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். விளையாட்டு ஒரு தனி வெளி, அங்கே விதி முழுமையானது, அதை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே வருகிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். சரி. ஆனால் ஆடுகிறவர்களில் ஒருவரே விதியையும் எழுதுகிறவராக இருந்தால் என்ன ஆகும்? கேசினோ என்பது அந்தக் கேள்விதான்.

2

ஆட்டம் எளிது. 2 முதல் 10 வரை சீட்டில் உள்ள எண்தான் மதிப்பு. ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் 10. ஏஸுக்கு 1 அல்லது 11, நம் சௌகரியம். 21க்குக் கிட்டே போகணும், தாண்டக் கூடாது. நமக்கு எதிரி டீலர் மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்து வந்தால் அது பிளாக்ஜாக். பழைய விதிப்படி போட்ட பணத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 2க்கு 3. ஆட்டத்தின் வேர் பழையது. செர்வாண்டிஸ் 1613இல் வெளியிட்ட கதைகளில் ஒன்றிலேயே 'இருபத்தொன்று' ஆடி ஏமாற்றும் பையன்கள் வருகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சிலும் இதே எண்தான் ஆட்டத்தின் பெயர்.

டீலருக்குச் சுதந்திரம் கிடையாது. 16 வரை சீட்டு எடுத்தே ஆகணும், 17 வந்தால் நின்றே ஆகணும். அவர் கூலிக்கு நிற்கிற தொழிலாளி. துணியில் அச்சிட்டிருப்பதைக் கையால் நிறைவேற்றுகிறவர். ஆட்டக்காரருக்கோ எல்லாச் சுதந்திரமும் உண்டு. வேண்டும்போது நிற்கலாம். நல்ல கை வந்தால் பந்தயத்தை இரட்டிப்பாக்கி இன்னும் ஒரே ஒரு சீட்டு வாங்கலாம். ஒரே மாதிரி இரண்டு சீட்டு வந்தால் பிரித்து இரண்டு கையாக ஆடலாம். கட்டுண்டவன் ஒரு பக்கம், சுதந்திரமானவன் ஒரு பக்கம். அப்படியிருந்தும் கட்டுண்டவன் பக்கம்தான் பணம் போகிறது. ஏன்?

வரிசைதான் காரணம். ஆட்டக்காரர் முதலில் ஆடவேண்டும். 21ஐத் தாண்டினால் பணம் அப்போதே போச்சு. அதன் பிறகு டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது. டீலரின் விதிப்படி ஆடினால் நூற்றுக்குச் சுமார் 28 தடவை 21ஐத் தாண்ட நேரும். நாமும் அப்படியே அவரைப் பார்த்து ஆடினால், இருவரும் தாண்டுவது 0.28ஐ 0.28ஆல் பெருக்கினால் வரும்: நூற்றுக்கு ஏறக்குறைய 8. இந்த எட்டும் உண்மையில் 'டிரா'. ஆனால் விடுதி எடுத்துக்கொள்கிறது. பிளாக்ஜாக்குக்குத் தருகிற கூடுதல் அரை மடங்கால் நமக்குத் திரும்பி வருவது நூற்றுக்கு 2.3. மிச்சம் சுமார் 5.5. அதாவது, இரண்டு பேரும் ஒரே விதிப்படி ஆடினாலும், 'நீ முதலில்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு விலை நூற்றுக்கு ஐந்தரை. ஏமாற்று எதுவும் வேண்டாம். சீட்டில் குறி வேண்டாம், சகுனியும் வேண்டாம்.

ஆட்டக்காரரின் சுதந்திரம் இந்த ஐந்தரையைக் குறைக்கப் பயன்படுகிறது. டீலரின் திறந்த சீட்டைப் பார்த்து, கணக்குப்படி நின்று, இரட்டித்து, பிரித்து ஆடினால் விடுதியின் பங்கு நூற்றுக்கு அரை அளவுக்கு இறங்கிவிடும். ஆக, விடுதியின் ஆதாயம் என்று நாம் சொல்வது, வரிசை எடுத்துக்கொள்வதற்கும் சுதந்திரம் திருப்பித் தருவதற்கும் இடையே உள்ள மிச்சம். மேசை விதிகள் எல்லாம் இந்த மிச்சத்தின் மேல்தான் வேலை செய்கின்றன.

ஏஸும் 6ம் சேர்ந்த 17 ஒரு மென்மையான 17. அதில் டீலர் நிற்காமல் இன்னொரு சீட்டு எடுக்கலாம் என்று விதியை மாற்றினால் விடுதிக்கு 0.2 கூடும். 10, 11 வந்தால் மட்டுமே இரட்டிக்கலாம் என்றால் இன்னும் 0.2. பிரித்த கையில் இரட்டிக்கக் கூடாது என்றால் 0.14. ஒரு கட்டுக்குப் பதில் ஆறு கட்டுச் சீட்டைக் கலந்து போட்டால் சுமார் அரை. நெவாடாவின் வடக்கே ரீனோ நகரத்து மேசைகள் முதல் இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தன; தெற்கே லாஸ் வேகாஸில் தாராளமான விதிகள். இரண்டு ஊர், ஒரே ஆட்டம், இரண்டு விலை. பொட்டலம் ஒரே அளவுதான், உள்ளே எடைதான் வேறு.

துணியில் இன்னொரு சொல்லும் இருக்கும்: 'காப்பீடு'. டீலரின் திறந்த சீட்டு ஏஸாக இருந்தால், மூடிய சீட்டு பத்து என்று தனியே பந்தயம் கட்டலாம். சரியாக இருந்தால் இரண்டு மடங்கு. பதின்மூன்று வகைச் சீட்டில் பத்து மதிப்புள்ளவை நான்கு. பதின்மூன்று தடவை ஒவ்வொரு ரூபாய் கட்டினால் நான்கு தடவை வென்று 8 ரூபாய் வரும், ஒன்பது தடவை தோற்று 9 ரூபாய் போகும். இது யாரையும் எதிலிருந்தும் காப்பதில்லை. மூடிய சீட்டின் மேல் கட்டுகிற இன்னொரு பந்தயம், அதுவும் மோசமான பந்தயம். ஆனால் 'காப்பீடு' என்று பேர் வைத்ததும் பொறுப்புள்ள குடும்பஸ்தன் அதை வாங்குகிறான். மொழி இங்கே விதிக்கு ஏவல் செய்கிறது.

3

1931 முதல் கால் நூற்றாண்டுக் காலம் இந்த மேசைகள் பணம் ஈட்டின; ஆனால் எவ்வளவு பங்கு என்பதற்கு ஒழுங்கான கணக்கு அச்சில் இல்லை. அதைச் செய்தவர்கள் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு இளைஞர்கள்: பால்ட்வின், கான்ட்டி, மைசல், மெக்டெர்மட். மேரிலாந்தில் அபர்டீன் ராணுவத் தளத்தில், மேசைக் கணிப்பானை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கைக்கும் சிறந்த முடிவு எது என்று கணக்கிட்டார்கள். 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் இதழில் கட்டுரை வந்தது. சரியாக ஆடினால் விடுதியின் பங்கு நூற்றுக்கு 0.62தான் என்றார்கள்.

அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர். அவர் கேட்ட கேள்வி வேறு. பகடைக்கு நினைவு கிடையாது. முந்தின வீச்சு அடுத்த வீச்சைப் பாதிக்காது. சீட்டுக்கட்டுக்கு நினைவு உண்டு. போன சீட்டு போனதுதான், கட்டில் இனி இல்லை. அப்படியானால் ஆட்டத்தின் நடுவே விடுதியின் பங்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கணும் இல்லையா? எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் போட்டுப் பார்த்தார். பத்துகளும் ஏஸ்களும் மிச்சம் அதிகமாக இருக்கும்போது ஆதாயம் ஆட்டக்காரர் பக்கம் திரும்புகிறது. 1961 ஜனவரியில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் இதைப் படித்தார். 1962இல் 'பீட் த டீலர்' என்ற புத்தகம் வந்தது; ஏகமாக விற்றது.

இனித்தான் வரலாறு சுவாரஸ்யமாகிறது. 1964 ஏப்ரல் 1ஆம் தேதி லாஸ் வேகாஸின் பெரிய விடுதிகள் ஒன்றுசேர்ந்து விதியை மாற்றின. ஏஸ்களைப் பிரிக்கக் கூடாது. 11 வந்தால் மட்டுமே இரட்டிக்கலாம். முட்டாள்கள் தினத்துச் செய்தி என்று நினைக்க இடமிருந்தாலும் நிஜம்தான். விளைவு? எண்ணி ஆடும் ஒரு சிலர் மட்டுமல்ல, எண்ணவே தெரியாத சாதாரண ஆட்டக்காரர்களும் மேசையை விட்டு எழுந்து போனார்கள். டீலர்களின் வருமானத்தில் பெரும் பகுதி ஆட்டக்காரர்கள் தரும் இனாம், அதுவும் விழுந்தது. சில வாரங்களிலேயே பழைய விதிகள் திரும்பி வந்தன.

இந்த வெளிநடப்பைக் கவனிக்க வேண்டும். அப்படி எழுந்து போனவர்களில் பெரும்பாலோருக்கு ஏஸைப் பிரிப்பதன் மதிப்பு நூற்றில் எத்தனை என்று தெரிந்திருக்காது. நேற்றுவரை 'செய்யலாம்' என்று இருந்தது இன்று 'செய்யக் கூடாது' என்று ஆனது, அது போதும். இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. சங்கம் இல்லை, தலைவர் இல்லை, துண்டுப் பிரசுரம் இல்லை. ஆனாலும் விதி தோற்றது. விடுதிகள் இதிலிருந்து பாடம் படித்தன. பறிப்பதைப் பார்க்கும்படி பறிக்கக் கூடாது.

அதன் பிறகு வந்த மாற்றங்களைப் பாருங்கள். ஒரு கட்டு போய் நான்கு கட்டு, ஆறு கட்டு, எட்டுக் கட்டு ஒரு பெட்டியில் வந்தன. ஆட்டக்காரரிடம் யாரும் எதையும் 'கூடாது' என்று சொல்லவில்லை. அவர் செய்வதெல்லாம் முன்போலவே செய்யலாம். சீட்டு மட்டும் பெருகிவிட்டது. பூக்கோ படித்தவர்களுக்குப் பழகின விஷயம்தான்: அதிகாரம் 'கூடாது' என்று தடுப்பதில் மட்டும் இல்லை, 'ஆடு' என்று ஊக்குவிப்பதிலும் இருக்கிறது. தார்ப்பின் புத்தகமே விடுதிகளுக்கு நன்மையாக முடிந்தது. இந்த ஆட்டத்தை வெல்லலாம் என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வெல்லும் அளவுக்குப் பயின்று வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

4

மேசையின் விதிகளுக்கு முன்னால் ஒரு விதி உண்டு: மேசையில் யார் உட்காரலாம்? மேலே சொன்ன நால்வரில் வில்பர்ட் கான்ட்டி கறுப்பினத்தவர். 1956இல் அந்தக் கட்டுரை அச்சானபோது லாஸ் வேகாஸின் பெரிய விடுதிகளில் கறுப்பின மக்கள் மேடையில் பாடலாம், சமையலறையில் பாத்திரம் கழுவலாம். ஆட உட்கார முடியாது. 1960 மார்ச்சில், ஊர்வலம் நடத்துவோம் என்று ஜேம்ஸ் மெக்மில்லன் தலைமையில் உள்ளூர்க் கறுப்பின அமைப்பு அறிவித்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. ஆட்டத்தின் விலையை உலகத்துக்கு முதலில் சொன்னவர்களில் ஒருவருக்கு அந்தத் தெருவில் நாற்காலி இல்லை. விடுதியின் பங்கை எத்தனை தசமத்துக்கு எழுதினாலும் இந்த விலக்கு அதற்குள் வராது.

வெளியேற்றும் உரிமை வேறு உருவில் திரும்பி வந்தது. சீட்டை எண்ணுகிறவர்களை விடுதிகள் வாசலுக்கு அனுப்பின. அவர்கள் ஏமாற்றவில்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற சீட்டைப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் நெவாடாவில் இது விடுதியின் உரிமையாகவே நிலைத்தது. யோசிப்பதற்குத் தடை என்று துணியில் எங்கும் அச்சிடவில்லை, யோசித்தால் அனுப்பிவிடுவார்கள்.

கிழக்குக் கடற்கரையில் நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் 1978இல் முதல் கேசினோ திறந்தபோது நிலைமை வேறாக இருந்தது. அங்கே விதிகளை வகுத்தது அரசின் கேசினோ கட்டுப்பாட்டு ஆணையம். டீலர் தன் மூடிய சீட்டைப் பார்க்கும் முன்பே ஆட்டக்காரர் பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்று ஒரு விதி வைத்தார்கள். இதன் மதிப்பு நூற்றுக்கு சுமார் 0.6. எண்ணவே வேண்டாம், சரியாக ஆடினாலே ஆதாயம் இம்மியளவு ஆட்டக்காரர் பக்கம். 1981இல் அந்த விதி எடுக்கப்பட்டது.

அங்கேயும் எண்ணுகிறவர்களை வெளியேற்றினார்கள். கென் உஸ்டன் என்பவர் 1979இல் ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு வழக்குப் போட்டார். 1982இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆட்ட விதிகளை வகுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. ஒருவர் யோசித்து ஆடுகிறார் என்பதற்காக விடுதி தானாக ஒரு விலக்கு விதியை உண்டாக்க முடியாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று என்னை நிறுத்திவைத்தது. யாரையும் காரணம் சொல்லாமல் வெளியேற்றும் உரிமை அமெரிக்க மாநிலங்களில் பரவிய காலத்தையும், இனப் பிரிவினைச் சட்டங்கள் செல்லாமல் போன காலத்தையும் நீதிமன்றம் அருகருகே வைத்து, இந்த உரிமையின் பிறப்பு அவ்வளவு கண்ணியமானதாக இருந்திருக்காது என்று குறிப்பிடுகிறது. கணக்கன் ஒருவனின் வழக்கில் நிறவெறியின் தடயம் வெளிப்படுகிறது. கழகத்தின் வாசலும் கழகத்தின் விதியும் ஒரே கையில் இருந்தவைதான்.

தீர்ப்புக்குப் பிறகு விடுதிகள் என்ன செய்தன? ஆள்களை அனுப்ப முடியாது, சீட்டை மாற்றலாம். எட்டுக் கட்டு, நினைத்தபோது கலைத்துப் போடும் அனுமதி. விலக்கு வாசலிலிருந்து பெட்டிக்குள் இடம் மாறியது.

5

1964இல் படித்த பாடத்தின் முழுமையான பயன் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் வந்தது. லாஸ் வேகாஸ் விடுதிகள் 'ஒரே கட்டு' என்று பெரிதாக விளம்பரம் போட்டு மேசைகளைத் திறந்தன. ஒரே கட்டு என்பது தார்ப் காலத்திலிருந்து ஆட்டக்காரர்களிடையே நல்ல பெயர் எடுத்த சொல். பிரிக்கலாம், இரட்டிக்கலாம். துணியில் மட்டும் ஒரு வரி மாறியிருந்தது. பிளாக்ஜாக்குக்கு 2க்கு 3 என்பது போய் 5க்கு 6.

3ஐயும் 2ஐயும்விட 6ம் 5ம் பெரிய எண்கள். அவசரத்தில் பார்ப்பவனுக்கு விதி தாராளமாகிவிட்டதுபோல் தோன்றும். 10 டாலர் போட்டவனுக்குப் பழைய விதிப்படி 15 கிடைத்திருக்கும், இப்போது 12. பிளாக்ஜாக் ஏறத்தாழ 21 கைக்கு ஒருமுறை வருகிறது. இந்த ஒரு வரியால் விடுதியின் பங்கு நூற்றுக்குச் சுமார் 1.4 ஏறியது. மென்மையான 17, இரட்டிப்புத் தடை, பிரித்த கை, ஆறு கட்டு — நான் மேலே சொன்ன இந்த எல்லா மாற்றங்களையும் ஒன்றாகக் கூட்டினாலும் இந்த ஒரு வரி தனியாக அவற்றைத் தாண்டிவிடுகிறது. ஒரு மணிக்கு 60 ஆட்டம், ஆட்டத்துக்கு 10 டாலர் என்று வைப்போம். விடுதியின் பங்கு 0.6 ஆக இருந்தபோது உட்கார்ந்திருக்கும் விலை மணிக்கு 3 டாலர் 60 சென்ட். அது 2 ஆனதும் 12 டாலர்.

1964போல யாரும் எழுந்து போகவில்லை. ஏன் என்பதுதான் என் கேள்வி. மக்கள் முன்பைவிட மந்தமாகிவிட்டார்கள் என்ற பதிலை நான் ஏற்கவில்லை. 1964இலும் அவர்களுக்குக் கணக்குத் தெரியாது. அன்று செயல் ஒன்று பறிக்கப்பட்டது, கை அதை உணர்ந்தது. இப்போது விகிதம் ஒன்று மாறியிருக்கிறது. அதை உணர உடம்பில் எந்த உறுப்பும் இல்லை. அதுவும் வெல்கிற தருணத்தில்தான் அது பிடித்துக்கொள்கிறது. ஜெயித்தவன் எவன் சில்லறையை எண்ணிப் பார்த்துச் சண்டை போடுவான்? தோற்றவனிடம் இன்னும் 3 டாலர் கேட்டிருந்தால் மேசை கவிழ்ந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய 2க்கு 3 ஒழிந்துவிடவில்லை. அதே லாஸ் வேகாஸில், அதே கட்டடத்தில், குறைந்தபட்சப் பந்தயம் அதிகமாக உள்ள மேசைகளில் அது உயிரோடு இருக்கிறது. அங்கே டீலர் எல்லா 17இலும் நிற்பதும் உண்டு. 5க்கு 6 பெரும்பாலும் மலிவு மேசைகளின் விதி. நல்ல விதிகள் எல்லாம் சேர்ந்த மேசையில் சரியாக ஆடினால் 100 டாலருக்கு 40 சென்ட் போகும். 10 டாலர், 15 டாலர் மேசையில் அதே 100 டாலர் உருண்டு முடியும்போது சுமார் 2 டாலர். ஏழைக்கு ஐந்து மடங்கு விலை. கொஞ்சமாக வாங்குகிறவனுக்குக் கூடுதல் விலை என்பது மளிகைக் கடையிலிருந்து நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் கடையில் விலையைச் சொல்லிவிட்டு விற்கிறார்கள்.

அர்த்தசாஸ்திரத்தின் கண்காணிப்பாளன் நூற்றுக்கு ஐந்தை முகத்துக்கு நேராகக் கேட்டான். வென்றவனிடம் மட்டும் கேட்டான், எல்லோரிடமும் ஒரே விகிதத்தில் கேட்டான். அவனை நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவனோடு சண்டை போடலாம், 'ஐந்து அதிகம், நாலாக்கு' என்று கேட்கலாம். பச்சைத் துணியோடு அப்படிச் சண்டை போட முடிவதில்லை. அதில் எதுவும் மறைக்கப்படவில்லை, எல்லாம் அச்சில் இருக்கிறது, படிக்கத்தான் தெரியவில்லை. சூதாடியின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதி எழுதித் தேய்ந்த நம் விமர்சன மொழி, துணியின் அந்த ஒரு வரியைப் படிக்கும் பயிற்சியை இனியாவது தொடங்க வேண்டும். கேசினோவுக்கு மட்டுமா அது பயன்படும்? விகிதங்களால் எழுதப்பட்ட விதிகள் நம் வாழ்க்கையில் வேறெங்கெல்லாம் இருக்கின்றன என்று வாசகர்களே பட்டியல் போட்டுக்கொள்ளலாம்.